மூன்று இன்ச் பெட்ரோல் எஞ்சின்: ஒரு தண்ணிக்கு 25 கிலோ நெல்

கடைமடையில் வாய்க்காலில் தண்ணீர் கிடக்கும், வயலுக்கு ஏறாது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கும் ஆண்டிலேயே இதுதான் நிலை. முறை வைத்து விடும் மாதங்களில் கேட்கவே வேண்டாம். அந்த நாலடி ஐந்தடி மேட்டைத் தாண்டத்தான் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்தில் பலர் மூன்று இன்ச் பெட்ரோல் பம்பைத் தேடிக் கடைக்குப் போகிறார்கள். ஹோண்டாவின் டபிள்யூபி30 இந்த வகைக்கு அளவுகோல்: 163 சிசி ஜிஎக்ஸ்160 எஞ்சின், அலுமினிய பம்பு, தானே தண்ணீரை இழுக்கும் அமைப்பு, எடை 26 முதல் 28 கிலோ. ஒருவரே தோளில் வைத்து வரப்பில் நடந்துவிடலாம். இதே அமைப்பில் வேறு பெயர்களில் வரும் மலிவு எஞ்சின்களுக்கும் கீழே உள்ள கணக்கு பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நிலம் இரண்டு ஏக்கருக்குள் இருந்து, வாய்க்காலோ குட்டையோ பக்கத்தில் இருந்து, வருடத்தில் நாலைந்து தண்ணி (ஒரு தண்ணி என்பது ஒருமுறை பாய்ச்சல்) மட்டும் இறைக்க வேண்டியிருந்தால் இது நல்ல பொருள். குறுவை முழுவதையும் இந்த எஞ்சினை நம்பி நடுவதென்றால் வாங்காதீர்கள். காரணம் எஞ்சினின் விலை அல்ல, அது குடிக்கும் பெட்ரோல்.

கணக்கைத் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அதில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட இரண்டு லட்சத்து இரண்டாயிரம் லிட்டர் தேவை. எஞ்சினின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் நிமிடத்துக்கு 1,100 லிட்டர் என்று போட்டிருக்கும். அது தூக்கே (தண்ணீர் ஏற வேண்டிய உயரம்) இல்லாமல், ஓஸே இல்லாமல் கொட்டும் அளவு. வாய்க்காலிலிருந்து ஒன்றரை மீட்டர் தூக்கி, 30 மீட்டர் ஓஸ் போட்டு, வயல் முனையில் அளந்தால் 750 லிட்டரை ஒட்டி நிற்கும். அதாவது 200 லிட்டர் டிரம் 16 விநாடியில் நிரம்பும். மணிக்கு 45,000 லிட்டர். ஆக ஒரு ஏக்கருக்கு நாலரை மணி நேரம், ஒரு மாவுக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) ஒன்றரை மணி நேரம்.

ஜிஎக்ஸ்160 முழு வேகத்தில், நிமிடத்துக்கு 3,600 சுற்றில், மணிக்கு 1.4 லிட்டர் பெட்ரோல் எடுக்கும் என்பது கம்பெனியே தரும் கணக்கு. நாலரை மணிக்கு 6.3 லிட்டர். பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்தால் ஒரு ஏக்கருக்கு ஒரு தண்ணி 630 ரூபாய். 2025-26 பருவத்துக்குத் தமிழக அரசு சாதாரண ரக நெல்லுக்கு அறிவித்த விலை, ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். கிலோ 25 ரூபாய். அப்படியானால் ஒவ்வொரு முறை எஞ்சினை ஓட்டும்போதும் ஏக்கருக்கு 25 கிலோ நெல் பெட்ரோல் டேங்கில் போகிறது. செலவை ரூபாயில் பார்ப்பதைவிட நெல்லில் பார்ப்பதே விவசாயிக்குச் சரியான அளவு. அறுவடையில் வரப்போவது நெல்தானே.

இந்த 25 கிலோ எப்போது மலிவு, எப்போது தாங்காது? பூக்கும் பருவத்தில் வயல் வெடித்துக் கிடக்கிறது, முறைத் தண்ணீர் வர இன்னும் பத்து நாள் ஆகும் என்றால் 25 கிலோவைப் பற்றி யோசிக்கக் கூடாது. ஓட்டிவிட வேண்டும். அப்போது பதர் விழுந்தால் போவது பல மூட்டை. நாற்றங்காலுக்கு இதைவிடப் பொருத்தமான எஞ்சின் கிடையாது. ஒரு ஏக்கர் நடவுக்கான எட்டு சென்ட் நாற்றங்காலில் 5 சென்டிமீட்டர் கட்ட 16,000 லிட்டர்தான். 22 நிமிடத்தில் முடிந்துவிடும், அரை லிட்டர் பெட்ரோல் போதும்.

சேற்றுழவுக்கு ஓட்டினால் கதை மாறும். காய்ந்து வெடித்த நிலம் நனைந்து சேறாக ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் தண்ணீர் குடிக்கும். அது 18 மணி நேர ஓட்டம், 25 லிட்டர் பெட்ரோல், 100 கிலோ நெல். நடுவதற்கு முன்பே அவ்வளவு போய்விடும். மழையை வைத்துப் புழுதி உழவு ஓட்டி நேரடி விதைப்பு செய்தால் இந்தச் செலவு அப்படியே மிச்சம். முழுப் பருவத்துக்கும் நெல்லுக்கு 120 சென்டிமீட்டர் தண்ணீர் என்று கொண்டு, மழையும் வாய்க்காலும் துளிகூடக் கைகொடுக்கவில்லை என்றால் 108 மணி நேரம், 151 லிட்டர், 15,100 ரூபாய். 60 கிலோ மூட்டைக் கணக்கில் பத்து மூட்டை. ஏக்கருக்கு நாற்பது மூட்டை காணும் வயலில் நாலில் ஒரு பங்கு இது. நடவுக்கூலி, உரம், மருந்து, அறுவடை மெஷின் வாடகை எல்லாம் போக எதுவும் மிஞ்சாது.

ஐந்து எச்பி டீசல் எஞ்சினோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். கிர்லோஸ்கர் ஏவி1 போன்ற, 1,500 சுற்றில் ஓடும் தண்ணீர்க் குளிர்ச்சி எஞ்சினில் தாழ்வான தூக்குக்கான நாலு இன்ச் பம்பைப் பூட்டினால் நிமிடத்துக்கு 1,200 லிட்டர் எதிர்பார்க்கலாம். ஏக்கருக்கு 2.8 மணி நேரம். மணிக்கு ஒரு லிட்டர் டீசல், லிட்டர் 92 ரூபாய் என்றால் 258 ரூபாய். பத்து கிலோ நெல்லுக்குச் சற்று மேல். பெட்ரோலைவிட ஒரு தண்ணிக்கு ஏக்கருக்கு 370 ரூபாய் குறைவு. ஆனால் பம்போடு சேர்த்து நூறு கிலோவுக்கும் மேல் கனம். வண்டியோ டிராலியோ இல்லாமல் வயலுக்கு வராது, நடவு முடிந்த பிறகு வரப்பில் நகர்த்துவது பெரும்பாடு.

எதை வாங்குவது என்பதை இந்த 370 ரூபாயே சொல்லிவிடும். டீசல் செட்டுக்கும் பெட்ரோல் பம்புக்கும் கடைக்காரர் சொல்லும் விலை வித்தியாசத்தை 370-ஆல் வகுத்துப் பாருங்கள். வித்தியாசம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 68 ஏக்கர்-தண்ணிக்கு (ஒரு ஏக்கருக்கு ஒருமுறை பாய்ச்சுவது ஒரு ஏக்கர்-தண்ணி) பிறகு டீசல் முந்தும். இரண்டு ஏக்கர், வருடத்துக்கு ஐந்து தண்ணி என்றால் வருடத்துக்குப் பத்து ஏக்கர்-தண்ணி. டீசல் முந்த ஏழு வருடம் ஆகும், பெட்ரோலே போதும். அதே இரண்டு ஏக்கரில் வருடத்துக்கு இருபது தண்ணி இறைப்பவருக்கு இரண்டு வருடத்துக்குள் டீசல் முந்திவிடும்.

வாடகையையும் இதே தராசில் நிறுக்கலாம். பெட்ரோலோடு ஆயில், பிளக், சீல் தேய்மானத்துக்கு மணிக்குப் பத்து ரூபாய் சேர்த்தால் சொந்த எஞ்சின் மணிக்கு 150 ரூபாய், ஏக்கருக்கு 675 ரூபாய். பக்கத்து ஊரில் டீசலும் சேர்த்து மணிக்கு 240 ரூபாய்க்குள் நாலு இன்ச் எஞ்சின் வாடகைக்குக் கிடைக்கிறது, கேட்ட அன்றே வருகிறது என்றால் வாங்கவே தேவையில்லை. கேட்ட அன்று வராது என்பதுதான் எல்லா ஊரிலும் சிக்கல். தண்ணீர் இல்லாதபோது எல்லோருக்கும் ஒரே நாளில்தான் இல்லாமல் போகிறது. சொந்தமாக வைத்திருப்பதன் முழுப் பலனும் அந்த இரண்டு மூன்று நாளில்தான் இருக்கிறது.

இலவச மின்சார இணைப்பும் நல்ல தண்ணீர் தரும் பில்டர் பாயிண்டும் (ஆழமில்லாத குழாய்க் கிணறு) இருப்பவர்கள் இந்தக் கணக்கு எதையும் போட வேண்டாம். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டாரைப் போட்டால் போதும்.

இனி ஓஸ். இந்த எஞ்சினை வாங்கும் பெரும்பாலோர் பணம் இழப்பது இங்கேதான். நிமிடத்துக்கு 750 லிட்டர் மூன்று இன்ச் ஓஸ் வழியே போகும்போது 30 மீட்டர் நீளத்தில் உராய்வுக்கு மட்டும் 2.8 மீட்டர் தூக்கு செலவாகிறது. வயல் மேடு ஒன்றரை மீட்டர்தான், ஓஸ் தின்பது அதைப்போல் இரண்டு மடங்கு. மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டரை இன்ச் ஓஸை மாட்டினால் அதே அளவு தண்ணீருக்கு 7 மீட்டர் போகும். அவ்வளவு தண்ணீர் வராது என்பதுதான் நடப்பு. எஞ்சின் கத்தும், வயலில் அருவி மெலியும். நாலு இன்ச் ஓஸ் மாட்டினால் இழப்பு முக்கால் மீட்டருக்கும் குறைவு. பம்பின் வாய் மூன்று இன்ச்தான் என்றாலும் வாயிலேயே ஒரு மூன்றுக்கு நாலு இணைப்பைப் பூட்டி அங்கிருந்து நாலு இன்ச் பிளாட் ஓஸ் போடுவது, இந்த எஞ்சினுக்கு நீங்கள் செய்யக்கூடிய செலவுகளில் சீக்கிரம் திரும்பி வருவது. அதைவிட மேல், ஓஸே இல்லாமல் வரப்பை ஒட்டி மண் வாய்க்கால் எடுத்து விடுவது. களிமண் பாங்கான டெல்டா நிலத்தில் கசிவு குறைவு என்பதால் பெட்ரோலில் ஓஸ் போட்டு வயலின் கடைசி வரை கொண்டுபோவதற்கு அவசியமே இல்லை. மேட்டு மூலையில் விட்டால் தானே பரவும். ஓஸ் மடங்கிய இடமும் வரப்பின் முதுகில் நசுங்கிய இடமும் இழப்பைக் கூட்டும். வரப்பு தாண்டும் இடத்தில் அடியில் வைக்கோல் கட்டு வைத்து வளைவை அகலமாக்குங்கள்.

உறிஞ்சும் பக்கம் வேறு விதி. தள்ளுவதற்கு எஞ்சினுக்கு வலு உண்டு, இழுப்பதற்குக் கிடையாது. காற்றழுத்தம்தான் தண்ணீரை ஏற்றுகிறது. கணக்குப்படி 10 மீட்டர் என்றாலும் நடைமுறையில் 7 மீட்டரோடு நின்றுவிடும், 5 மீட்டரைத் தாண்டும்போதே தண்ணீர் வெகுவாகக் குறையும். ஆகவே எஞ்சினை வரப்பின் உச்சியில் சௌகரியமாக வைக்காமல் தண்ணீருக்கு எவ்வளவு கிட்டே இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கிச் சமதளத்தில் வையுங்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேல் இரண்டு மீட்டருக்குள் இருந்தால் நல்லது.

இதைப் படித்துவிட்டுக் கோடையில் மட்டம் இறங்கிய கிணற்றுக்குள்ளோ குழிக்குள்ளோ பெட்ரோல் எஞ்சினை இறக்கி ஓட்ட யாரும் துணியக் கூடாது. சைலன்சர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குழிக்குள் தேங்கினால் உள்ளே இறங்குபவரும் போவார், அவரைத் தூக்க இறங்குபவரும் போவார். மட்டம் 7 மீட்டருக்குக் கீழே போய்விட்டால் இந்த எஞ்சினுக்கு அங்கே வேலை இல்லை.

ஓட்டும் முறை எளிது. ஆனால் வரிசை தவறக் கூடாது. முதலில் ஆயில் மட்டம், எஞ்சின் சமமாக நிற்கும்போது பார்க்க வேண்டும். பிறகு பம்பின் மேல் மூடியைத் திறந்து உடல் நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தானே இழுக்கும் பம்பு என்றால் தண்ணீரே ஊற்ற வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஓஸை நிரப்ப வேண்டாம், உடலை நிரப்பியே ஆக வேண்டும். காய்ந்த பம்பை ஓட்டினால் மெக்கானிக்கல் சீல் சில நிமிடங்களில் கருகிவிடும். பிறகு பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே தண்ணீர் சொட்டுவது நிற்காது. எஞ்சின் எழும்பி இரண்டு மூன்று நிமிடத்தில் தண்ணீர் வரவில்லை என்றால் நிறுத்துங்கள். பத்தில் ஒன்பது தடவை உறிஞ்சும் பக்கத்தில் காற்று புகுந்திருக்கும்: வாய் இணைப்பின் ரப்பர் வாஷர் விழுந்திருக்கும், அல்லது கிளிப் தளர்ந்திருக்கும். அந்த முனைக்கு இரண்டு கிளிப் போடுங்கள். இணைப்பைச் சுற்றிச் சோப்பு நுரை தடவினால் நுரை உள்ளே இழுபடும் இடம்தான் ஓட்டை.

சல்லடையைக் கழற்றிவிட்டு ஓட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. தண்ணீர் கூடுதலாக வருவதுபோல் தெரியும், ஒரே ஒரு கல் இம்பெல்லரில் (பம்புக்குள் சுழலும் விசிறி) சிக்கும்வரை. சல்லடையை மூங்கில் கூடைக்குள் வைத்து, கூடையை ஒரு கழியில் கட்டி, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு அடி கீழேயும் சேற்றுக்கு மேலேயும் நிற்கும்படி நட்டுவிட்டால் ஆகாயத்தாமரை வேரும் பாசியும் அடைக்காது. மேலே நீர்ச்சுழி விழுந்தால் காற்று போகிறது என்று பொருள், இன்னும் ஆழத்தில் இறக்குங்கள். வண்டல் கலந்த தண்ணீரைத் தொடர்ந்து இறைத்தால் இம்பெல்லருக்கும் அதன் கூட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி தேய்ந்து அகலும். தண்ணீர் வரும், தூக்கும் வலு போய்விடும்.

சரிவில் வைத்த எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று, மறுபடி எழும்ப மறுக்கும். பிளக்கைக் கழற்றுவார்கள், கார்புரேட்டரைக் கழற்றுவார்கள், எதிலும் குறை தெரியாது. ஆயில் அலர்ட் உள்ள மாடல்களில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கினால் எஞ்சினைக் காக்க அதுவே தீப்பொறியை நிறுத்திவிடும். சமமாக வைத்து ஆயிலைப் பாருங்கள், எழும்பிவிடும். ஆயில் கொள்ளளவு 0.6 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. முதல் மாற்று 20 மணி நேரத்தில், அதன் பின் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை. கம்பெனி சொல்வது 10டபிள்யூ-30. ஏர் பில்டரை 50 மணிக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும், புழுதி நாட்களில் இன்னும் சீக்கிரம். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். வால்வு இடைவெளி மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் பாருங்கள். நகல் எஞ்சின்களிலும் பிளக் இடைவெளி பெரும்பாலும் இதே அளவுதான். அவற்றை வாங்குபவர்கள் தகட்டில் எச்பி எண்ணை நம்பாமல் கிலோவாட் எத்தனை, எத்தனை சுற்றில் என்று பாருங்கள். அந்த ஊரிலேயே சீலும் இம்பெல்லரும் கிடைக்கிறதா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

வேதாரண்யம் பக்கம் உப்பு ஏறிய வாய்க்காலில் இறைப்பவர்களுக்கு இரட்டை நஷ்டம். அலுமினிய உடல் அரிக்கும். தண்ணீரின் மின்கடத்துதிறன் (உப்பின் அளவைக் காட்டுவது) மீட்டருக்கு 2 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சலும் இறங்கத் தொடங்கும். இறைக்கும் முன் தண்ணீரைச் சோதியுங்கள், இறைத்த பின் நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் பம்பை ஓட்டிக் கழுவுங்கள்.

பெட்ரோலைக் குறைக்க எஞ்சினில் ஒரு வழியும் வயலில் ஒரு வழியும் உண்டு. தாழ்வான தூக்குக்கு முழு திராட்டில் (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) தேவையில்லை. ஒன்றரை மீட்டர் தூக்க உண்மையில் வேண்டிய சக்தி கால் எச்பிதான், எஞ்சினிடம் இருப்பதோ ஏறத்தாழ ஐந்து எச்பி. மீதி உராய்விலும் சூட்டிலும் போகிறது. டேங்கை விளிம்புவரை நிரப்பி, வயல் முனையில் டிரம் நிரம்பும் நேரத்தை மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். அரை மணி ஓட்டி, நிறுத்தி, சூடு ஆறியபின் மறுபடி விளிம்புவரை ஊற்ற எவ்வளவு பெட்ரோல் பிடித்தது என்று பாருங்கள். திராட்டிலை முக்காலில் வைத்து அதையே திரும்பச் செய்யுங்கள். வேகம் குறையும்போது தண்ணீர் குறைவதைவிடப் பெட்ரோல் அதிகமாகக் குறையும். லிட்டர் பெட்ரோலுக்கு எந்த நிலையில் அதிகத் தண்ணீர் வருகிறதோ அந்த இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். தாய்லாந்திலும் மீகாங் டெல்டாவிலும் இதே அளவு எஞ்சினில் நீண்ட குழாயும் அடியில் விசிறியும் கொண்ட பம்பைப் பூட்டி வாய்க்காலிலிருந்து இறைக்கிறார்கள். மூன்று மீட்டருக்குள் தூக்குவதற்கு அதுவே சரியான பம்பு, வங்கதேசத்திலும் அதைப் பரப்பி வருகிறார்கள். நம் கடைகளில் எளிதில் கிடைக்காதது பெரும் குறை. வேளாண் பொறியியல் துறை கடைமடைக்கு இதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

வயலில் செய்ய வேண்டியது காய்ச்சலும் பாய்ச்சலும். நாலு இன்ச் பிவிசி குழாயில் 30 சென்டிமீட்டர் வெட்டி, அடிப்பாதி முழுக்கத் துளை போட்டு, அந்தப் பாதியை மண்ணுக்குள் இறக்கி உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். நட்டு இரண்டு வாரம் கழிந்தபின், குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் மறுபடி 5 சென்டிமீட்டர் கட்டினால் போதும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்புவரை மட்டும் காயவிடக் கூடாது. அறுவடைக்குப் பதினைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடலாம். தவிர்க்கும் ஒவ்வொரு தண்ணிக்கும் ஏக்கருக்கு 25 கிலோ உங்கள் பக்கம். எஞ்சினைப் போடுவதற்கு முந்தின நாள் வரப்பைச் சுற்றி வந்து நண்டு வளையையும் எலி வளையையும் அடைத்துவிடுங்கள். காசு கொடுத்து இறைத்த தண்ணீர் பக்கத்து வயலுக்கோ வடிகாலுக்கோ போவது அந்த ஓட்டைகளில்தான்.

மழை பிடித்ததும் எஞ்சின் மாதக்கணக்கில் மூலையில் கிடக்கும். இப்போது பங்கில் ஊற்றுவது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுக்கும். டேங்கில் விட்டுவைத்தால் கார்புரேட்டரின் ஜெட் பிசின் பிடித்து அடைபடும். அடுத்த முறை அவசரத்துக்குக் கயிற்றை இழுத்தால் எழும்பாது. டேங்கைக் காலி செய்து, தானே நிற்கும்வரை ஓட்டி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்துப் போல்ட்டைத் தளர்த்தி மிச்சத்தை வடியுங்கள். பம்பின் அடியிலுள்ள திருகைக் கழற்றித் தண்ணீரையும் வடித்துவிட்டு, பிளக் துளையில் ஒரு கரண்டி ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று முறை இழுத்தபின் மூடி வையுங்கள்.